ரோமானிய அச்சு, ஃபிரோசாபாத் மூச்சு: ஷாப்பூர் ஜாட்டில் வாங்கிய நான்கு கண்ணாடிச் சாமான்கள்

தில்லி ஷாப்பூர் ஜாட்டில் ஒரு சந்துக்குள், தையல் கடைக்கு மேலே முதல் மாடியில், ரோமானியக் கண்ணாடிப் பாத்திரங்களின் நகல்களைச் செய்து விற்கிறார்கள். வாசலில் இன்னும் பெயர்ப்பலகை மாட்டவில்லை. நடத்துகிற பெண் புதுச்சேரிக்காரர். அச்சுகளை அவரே செதுக்குகிறார். ஊதுவது ஆக்ராவுக்குப் பக்கத்தில் உள்ள ஃபிரோசாபாத்தில், ஒரு பட்டியில், அதாவது கண்ணாடி உலைக்கூடத்தில். அங்கே நான்கு சாமான் வாங்கினேன். இரண்டு கைப்பிடி வைத்த நீலக் கோப்பை 4,200 ரூபாய். பேரீச்சம்பழ வடிவக் குப்பி 1,100. சதுரப் புட்டி 2,600. தேர்ப்பந்தயம் பொறித்த கோப்பை 3,500. நீலக் கோப்பையை யாரும் தயங்காமல் வாங்கலாம். பந்தயக் கோப்பையை இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இப்படி ஒரு முயற்சி இந்த ஊரில் நடப்பதே பெரிய விஷயம், அது நன்றாக நடக்க வேண்டும்.

நான் எந்தக் கண்ணால் பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடி ஊதும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கண்டென்ஸர், ஸ்டாப்காக், வாக்குவம் லைன் எல்லாம் எங்கள் கைவேலை. எங்களுக்கு உலை கிடையாது. போரோசிலிகேட் என்கிற, சூடு தாங்கும் கண்ணாடிக் குழாயை பர்னர் தீயில் காட்டி, ஒரு முனையை உருக்கி அடைத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதுவோம். ஜெருசலேமின் யூதர் பகுதியில் அகழாய்வு செய்தபோது, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கண்ணாடிப் பட்டறையின் கழிவுக் குவியல் கிடைத்தது. அதில் ஒரு முனையை அடைத்து ஊதிப் பெருக்கிய கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. கண்ணாடி ஊதும் தொழிலுக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சான்றுகளில் அதுவும் ஒன்று. எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுக்கும் வேலையும் அதேதான். அதைப் படித்ததிலிருந்து அந்தக் காலத்துக் கண்ணாடிக்காரர்கள் எனக்கு வேற்று மனிதர்களாகத் தெரியவில்லை.

ஊதக் கற்றுக்கொண்டு இரண்டு மூன்று தலைமுறைக்குள் அவர்கள் அடுத்த படிக்குப் போய்விட்டார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிரியா, லெபனான் கடற்கரைப் பக்கம், சூடான கண்ணாடிக் குமிழை ஓர் அச்சுக்குள் இறக்கி ஊதத் தொடங்கினார்கள். வடிவமும் அலங்காரமும் எழுத்தும் ஒரே மூச்சில் வந்துவிடும். அந்த முதல் தலைமுறையின் பெரிய பெயர் என்னியோன். சைடான் நகரத்துக்காரர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2014 டிசம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் அவருடைய பாத்திரங்களுக்காகவே ஒரு கண்காட்சி நடத்தியது. ஒரு பழங்காலக் கைவினைஞர் பெயரிலேயே கண்காட்சி வைப்பது அபூர்வம். அவர் தன் பெயரைத் தானே எழுதி வைத்ததால்தான் அது முடிந்தது. கோப்பையின் ஒரு பக்கத்தில் காது வைத்த சின்னப் பலகை போன்ற சட்டத்துக்குள் "என்னியோன் செய்தது" என்று கிரேக்கத்தில் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் அதே மாதிரிச் சட்டத்துக்குள் "வாங்குபவர் நினைக்கப்படட்டும்" என்று இருக்கும். செய்தவனும் வாங்கியவனும் ஒரே கோப்பையில் நேருக்கு நேர்.

நான் வாங்கிய நீலக் கோப்பை அந்த வகையின் நகல்தான். அதைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடியது அச்சுக்கோடு. இப்படிப் புடைப்பு அலங்காரம் உள்ள அச்சு ஒரே துண்டாக இருந்தால் கண்ணாடி வெளியே வராது. இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து திறக்க வேண்டும். அந்தத் துண்டுகள் சேரும் இடத்தில் கண்ணாடியில் மெல்லிய வரம்பு விழும். ஃபிரோசாபாத்தில் வழவழப்பான டம்ளர், விளக்குக் கூண்டு ஊதுகிறவர்கள், அச்சுக்குள் பூச்சுக் கொடுத்து, நனைத்து, ஊதும்போதே குழலைச் சுழற்றுவார்கள். கோடு அழிந்துவிடும். ஆனால் அலங்காரம் செதுக்கிய அச்சில் சுழற்ற முடியாது, சுழற்றினால் அலங்காரமும் அழிந்துவிடும். ஆகவே கோடு இருந்தே தீரும். என்னியோனின் திறமை, அந்தக் கோட்டை எங்கே விழ வைப்பது என்று அச்சு செதுக்குவதற்கு முன்பே தீர்மானித்ததில் இருக்கிறது. இலைத்தண்டு, தூண் போன்ற செங்குத்தான ஓர் அலங்காரத்தோடு கோட்டைச் சேர்த்துவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்குத் தட்டாது.

இந்த நகலில் அதை அப்படியே செய்திருக்கிறார்கள். மூன்று கோடுகள் இருக்கின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நகத்தால் தடவியபோதுதான் மூன்றும் அகப்பட்டன. மூன்றுமே கொடியின் தண்டோடு போகின்றன. இரண்டு எழுத்துச் சட்டங்களையும் எந்தக் கோடும் வெட்டவில்லை. அச்சு செய்யத் தெரிந்த கை இது.

அடுத்து, விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். வெளியே புடைத்திருக்கும் ஒவ்வொரு இலைக்கும் நேராக உள்ளே ஒரு மெல்லிய பள்ளம் தட்டுப்பட்டது. ஊதிய கண்ணாடிக்கு அதுதான் அடையாளம். இன்று பஜாரில் "புடைப்பு வேலை" என்று விற்கிற பிரெஸ் செய்த கண்ணாடியில் வெளியே பூ இருக்கும், உள்ளே வழவழவென்று இருக்கும். உலக்கை மாதிரி ஒரு இரும்பு உள்ளே இறங்கி அழுத்தியது அது. மூச்சு உள்ளே போன கண்ணாடியில் உள்ளும் புறமும் ஒன்றையொன்று பின்தொடரும். வாங்கப் போகிறவர்கள் எந்தக் கடையிலும் இப்படி விரல் விட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாய் விளிம்பையும் பார்க்க வேண்டும். அச்சுக்கு மேலே, ஊதுகுழலோடு ஒட்டியிருக்கிற கண்ணாடி உபரி. ரோமானியக் கோப்பைகளில் அந்த உபரியைத் தட்டி உடைத்துவிட்டு விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்திருப்பார்கள். இங்கேயும் தேய்த்திருக்கிறார்கள், ஆனால் தேய்த்த பிறகு லேசாகத் தீயில் காட்டி முனையை உருட்டியிருக்கிறார்கள். மூலத்தில் அப்படி இல்லை என்று சிலர் குறை சொல்லலாம். குடிக்கிற பாத்திரத்தில் உதடு படுகிற இடம் அது. நான் இதை ஏற்றுக்கொள்கிறேன்.

எழுத்து ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மழுங்கல். செய்தவர் பெயர் துல்லியமாக விழுந்திருக்கிறது. வாங்குபவரைச் சொல்கிற பக்கத்தில் கடைசி எழுத்துகள் கரைந்துபோயிருக்கின்றன. அந்தப் பக்கத்து அச்சுத்துண்டு குளிர்ந்திருக்க வேண்டும், கண்ணாடி மூலைக்குள் போவதற்குள் இறுகிவிட்டது. கடையில் இன்னொரு கோப்பையை எடுத்துப் பார்த்தேன், அதில் இரண்டு பக்கமும் நன்றாக இருந்தது. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள்.

கைப்பிடிதான் எனக்குக் கவலை. கைப்பிடி அச்சில் வருவதில்லை. கோப்பை வெளியே வந்த பிறகு சூடான கண்ணாடியை இழுத்து ஒட்டுவது. மெல்லிய சுவரில் தடித்த கண்ணாடி சேரும்போது இரண்டும் ஒரே வேகத்தில் ஆறாது, உள்ளே இறுக்கம் தங்கிவிடும். அதைப் போக்கத்தான் 500 டிகிரிக்கு மேலே வைத்து மெதுவாக இறக்கி அனீல் செய்கிறோம். என்னிடம் ஒளியை வடிகட்டும் இரண்டு போலராய்டு தாள்கள் உண்டு. ஒன்றை விளக்கின் முன்னால் வைத்து, இன்னொன்றைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்து, நடுவில் கோப்பையைக் காட்டினேன். உடல் முழுக்க இருட்டு, அதாவது இறுக்கம் இல்லை. இடது கைப்பிடியின் கீழ்ச் சந்தில் மட்டும் வெள்ளையாக ஒரு கீற்று. உடனே உடைந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் சூடான எதையும் அதில் ஊற்றக் கூடாது. இது சாதாரண டம்ளர், புட்டி செய்கிற சோடா-லைம் கண்ணாடி. வெப்பத்தில் போரோசிலிகேட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரிவடையும். தில்லியின் ஜனவரிக் காலையில் சில்லென்று இருக்கிற கோப்பையில் ஃபில்டர் காபியை ஊற்றினால் கைப்பிடி தனியாக வந்துவிடலாம். மோர், பானகம், பழச்சாறு தாராளமாக ஊற்றலாம்.

அந்தப் பெண்ணிடம் கீற்றைக் காட்டினேன். பொறுமையாகத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பட்டியில எங்க சாமானுக்குன்னு தனியா அனீலிங் கிடையாது சார். அவங்க டம்ளரோட சேர்ந்து போய் வருது. டம்ளருக்கு அந்த வேகம் போதும்."

"கைப்பிடி வச்சதை மட்டுமாவது இன்னொரு தடவை போட்டு எடுக்கச் சொல்லுங்கம்மா. ராத்திரி பூரா மெதுவா இறங்கட்டும்."

"கேஸ் செலவு யாரு கொடுப்பாங்கன்னு கேப்பாங்க சார்."

அதுவும் நியாயம்தான். தாஜ் மஹாலைக் காப்பதற்காக 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு அந்த வட்டாரத்துத் தொழில்கள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டியிருந்தது. எரிவாயு விலை ஏறும்போதெல்லாம் சிறிய பட்டிகள் முதலில் சுருக்குவது இது போன்ற கூடுதல் நேரத்தைத்தான். 4,200-ஐ 4,500 ஆக்கி, இரண்டாவது தடவை அனீல் செய்துகொடுத்தால் நான் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். மற்றவர்களும் கொடுப்பார்கள் என்று அவரிடம் சொன்னேன்.

பேரீச்சம்பழக் குப்பியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ரோமானியர்கள் வாசனை எண்ணெய்க்கு இப்படிக் குப்பி செய்தார்கள், பழுத்த பேரீச்சையின் சுருக்கங்கள் வரை அச்சில் எடுத்து, தேன் பழுப்பு நிறத்தில். நிஜப் பழத்தின் மேலேயே அச்சு எடுத்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. இவரும் அப்படியே ஒரு பழத்தை வைத்து அச்சு எடுத்திருக்கிறார். நிறம் சரியாக வந்திருக்கிறது. தக்கை மட்டும் தளர்வு. 1,100 ரூபாய்க்கு நல்ல பரிசுப் பொருள், கல்யாண வீட்டுக்கும் கொடுக்கலாம்.

சதுரப் புட்டி என் மனதுக்குப் பிடித்தது. பார்க்க ஒன்றுமில்லாதது: நான்கு தட்டைப் பக்கம், குட்டைக் கழுத்து, வரி வரியாக இழுத்த ஒரு கைப்பிடி, இளம் நீலப்பச்சை. அந்த நிறம் யாரும் சேர்த்தது அல்ல. மணலில் இருக்கிற இரும்பு கொடுப்பது. முதல், இரண்டாம் நூற்றாண்டில் ரோமானிய உலகம் முழுக்கப் புழங்கிய சாமான் இது. வட்டப் புட்டிகளை அடுக்கினால் நடுவில் இடம் வீணாகும், சதுரம் பெட்டிக்குள் ஒட்டி நிற்கும். அடிப்பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், சிலவற்றில் எழுத்துகள். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் கிடைத்த சதுரப் புட்டியின் அடியில் லத்தீனில் ஒரு வரி இருக்கிறது: செந்தியா செகுந்தா அக்விலெயாவில் கண்ணாடி செய்கிறாள். ஒரு பெண்ணின் பெயர். ஊதினவளோ, பட்டறையின் முதலாளியோ, எண்ணெய் புழங்கும் புட்டியின் அடியில் தன் பெயரையும் தன் ஊரையும் போட்டுவிட்டாள். வட இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி அது டான்யூப் கரைக்குப் போயிருக்கிறது.

இந்தப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வட்டங்கள் இருக்கின்றன, பெயர் இல்லை. நீலக் கோப்பையிலும் என்னியோன் பெயர் இருக்கிறது, செய்தவர்கள் பெயர் இல்லை.

"உங்க பேரு எங்கம்மா?" என்று கேட்டேன்.

"நகல்தானே சார், என் பேரு எதுக்கு?"

"அச்சு நீங்க வெட்டினது. கோட்டை இலைக்குப் பின்னால ஒளிச்சது நீங்க. சரி, ஊதின உஸ்தாத் பேரு?"

கொஞ்சம் தயங்கினார். "அவருக்கு ஆசைதான் சார். பட்டி முதலாளி வேணாம்னுட்டார். பேரைப் பாத்துட்டு ஆளுங்க நேரா அவரைத் தேடிப் போயிடுவாங்களாம்."

இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் ஊதிக் கொடுத்த கருவிகளில் எத்தனையோ ஆய்வுகள் நடந்தன. எதிலும் என் பெயர் இருந்ததில்லை, நாங்கள் அதை எதிர்பார்க்கப் பழகவும் இல்லை. ஆனால் என்னியோன் செய்த வேலையையே எடுத்துச் செய்கிறவர்கள் அவர் செய்ததில் பாதியை விட்டுவிடக் கூடாது. அவர் மட்டுமா? ஜேசன், மெகெஸ், நெய்க்காய்ஸ் என்று இன்னும் சிலர் அச்சில் பெயர் வெட்டினார்கள். அரிஸ்தெயாஸ் தான் சைப்ரஸ்காரன் என்றும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். சைடானைச் சேர்ந்த அர்த்தாஸ் அச்சில் ஊதாத கோப்பைகளில்கூட, கைப்பிடியில் கட்டைவிரல் பதிகிற இடத்தில், கிரேக்கத்திலும் லத்தீனிலும் முத்திரை குத்தினார். வாங்குகிறவன் எந்த மொழிக்காரனாக இருந்தாலும் படிக்கட்டும் என்று. அந்தக் காலத்திலும் போட்டிப் பட்டறைகள் இருந்தன, அச்சை நகல் எடுக்கிறவர்களும் இருந்திருப்பார்கள். பெயர் போட்டதால் என்னியோன் சரக்கு கெட்டுப்போகவில்லை. ஜாடிகள் கிழக்கு மத்தியதரைப் பகுதியிலும், கோப்பைகள் பெரும்பாலும் இத்தாலியிலும் கிடைத்திருக்கின்றன. ஒரு ஜாடி ஜெருசலேமில், கி.பி. 70-ல் எரிந்த ஒரு பெரிய வீட்டின் இடிபாட்டில், தீயில் உருக்குலைந்த நிலையில் கிடைத்தது. வீட்டுக்காரர் பெயர் நமக்குத் தெரியாது. செய்தவர் பெயர் தெரிகிறது.

புட்டியின் அடியில் வட்டங்களுக்கு நடுவே இடம் இருக்கிறது. அங்கே உஸ்தாதின் பெயரை உருதுவிலோ இந்தியிலோ, அச்சு வெட்டியவர் பெயரைத் தமிழிலோ போடலாம். அச்சில் எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும், அவருக்கு அது பழக்கமாகிவிட்ட வேலை. முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

இனி பந்தயக் கோப்பை. இதன் மூலக் கோப்பை இங்கிலாந்தில் கோல்செஸ்டரில் கிடைத்தது, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நான்கு குதிரை பூட்டிய நான்கு தேர்கள் சுற்றி ஓடும், மேலே தேரோட்டிகளின் பெயர்கள். ஹியராக்ஸ், ஒலிம்பஸ், ஆன்டிலோக்கஸ் மூவருக்கும் "போய் வா". கிரெஸ்கென்ஸுக்கு மட்டும் "வாழ்க". வென்றவன் அவன். இப்படி அரங்கில் ஆயுதம் ஏந்திச் சண்டையிட்ட கிளாடியேட்டர்களின் பெயர் போட்ட கோப்பைகளும் உண்டு. ரசிகர்கள் வாங்கிக்கொண்டு போன சாமான், முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் மேற்கு மாகாணங்களில் நிறையப் புழங்கியது.

நகலில் குதிரைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எந்தக் கால் எந்தக் குதிரையுடையது என்று தெரியவில்லை. காரணம் கண்ணாடியின் தடிமன். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் சுவரைத் தடிப்பாக வைத்திருக்கிறார்கள். தடித்த கண்ணாடி அச்சின் நுணுக்கமான மூலைக்குள் போகாது, மேலோட்டமாக மூடிக்கொண்டு நிற்கும். அதைத் தள்ள இன்னும் பலமாக ஊத வேண்டும், மனித மூச்சுக்கு ஓர் எல்லை உண்டு. மூலக் கோப்பைகளை மெல்லிய சுவராக ஊதினார்கள், அதனால்தான் சக்கரத்தின் ஆரம் வரை விழுந்தது. குமிழை அச்சுக்குள் இறக்கும் முன் இன்னும் கொஞ்சம் ஊதிப் பெருக்கி, அச்சையும் முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் இதைச் சரிசெய்யலாம். உஸ்தாதுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெல்லிசாக ஊத அனுமதி கொடுத்து, உடைகிறதற்கான காசை முதலாளி தாங்கிக்கொண்டால் போதும். அதுவரை 3,500 ரூபாய் அதிகம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ரோமாபுரியில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் கோப்பை வாங்க முடிந்தது என்று அந்தக் காலத்துக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். ஊதும் முறை வந்து சில தலைமுறைக்குள் அந்த நிலை வந்துவிட்டது. ஆனாலும் தரத்துக்குத் தக்கபடி விலை பிரிந்தே இருந்தது. கி.பி. 301-ல் ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலைக் கட்டளையில், யூதேயாவின் பச்சைக் கண்ணாடி ராத்தல் 13 தெனாரியஸ் காசு, அலெக்சாந்திரியாக் கண்ணாடி 24. நல்ல கண்ணாடிக்குக் கூடக் கொடுப்பது பழைய வழக்கம்தான்.

கடையில் ஓர் அலமாரி நிறைய அரிக்கமேடு மணிகளைப் பார்த்துச் செய்த சிறு மணிகளும் இருக்கின்றன. 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய, புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் ரோமானியக் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன, அங்கேயே செய்த மணிகளும் கிடைத்தன. முசிறிக்கு வந்திறங்கிய சரக்குகளில் கச்சாக் கண்ணாடியும் உண்டு என்று பெரிப்ளஸ் என்கிற பழைய கிரேக்கக் கடல்வணிகக் கையேடு சொல்கிறது. அங்கே கட்டியாக உருக்கியதை இங்கே வாங்கி வேறொன்றாக மாற்றியிருக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த ஒருவர் தில்லியில் உட்கார்ந்து இந்த வேலையை எடுத்ததில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம். மணிகளை நான் வாங்கவில்லை, என் மகள் அடுத்த முறை போய் எடுப்பாள்.

வீட்டுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். என் அக்காவுக்கு மதுரைக்கு அனுப்பிய பேரீச்சங்குப்பி கழுத்து முறிந்துபோய்ச் சேர்ந்தது. கூரியர்காரர்கள் பெட்டியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் பேச்சில்லாமல் வேறொன்று கொடுத்தார். நேரில் போங்கள். சந்து குறுகல், வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், படி செங்குத்து. பகல் வெளிச்சத்தில் போனால்தான் அச்சுக்கோடும் எழுத்தும் தெரியும். கோப்பை கேட்டால் இரண்டு மூன்றை எடுத்து முன்னால் வைப்பார். எழுத்து இரண்டு பக்கமும் விழுந்திருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புட்டி வாங்குகிறவர்கள் அடியில் யார் பெயர் என்று தவறாமல் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் முதலாளி மனம் மாறலாம்.